தேயிலை வெட்டு வாங்கிய இலந்தை

நல்லேப்பிள்ளியை விட்டு வாய்க்கால் கரையோடு நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு சிமெண்டுச் சாக்கு. அதற்குள் இரண்டு சட்டை, ஒரு போர்வை, துணி சுற்றிய கவாத்துக் கத்தி, செய்தித்தாளில் மடித்த இலந்தை வடை. வடை அன்று காலைதான் வெயிலிலிருந்து எடுத்தது. முதுகில் இன்னும் இளஞ்சூடாக இருந்தது. இடது குதிகாலில் ஒரு முள் இருந்தது. அதை எடுக்க உட்கார்ந்தால் திரும்பிப் பார்க்கத் தோன்றும் என்பதால் நொண்டிக்கொண்டே நடந்தேன்.

காய்க்காத மரத்தைக் காய்க்கவைத்ததற்காக என்னை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். காய்க்காமலே போயிருந்தால் அநேகமாக இன்னும் அங்கேயே இருந்திருப்பேன்.

சட்டைப்பையில் ஒரு பிளாஸ்டிக் அட்டை இருந்தது. ஒரு காலத்தில் அதில் பச்சை ஆப்பிள் மாதிரி ஒரு பழத்தின் படம் இருந்ததாம். வெயிலில் வெளுத்து வெளுத்து அது கோழிமுட்டைபோல ஆகியிருந்தது. பின்பக்கம், கஞ்சிக்கோட்டுக்குப் போகும் சாலையில் உள்ள ஒரு நர்சரியின் முகவரி. என்னிடம் இருந்த ஒரே முகவரி அதுதான். ஆகவே அங்கே போய்க்கொண்டிருந்தேன்.

நான் பிறந்தது போடிமெட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். எட்டாம் வகுப்பின் பாதியில் பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் விட்டுவிட்டோம். கவாத்து வெட்டினேன். ஏலத்தோட்டத்தில் அட்டைக்கு ரத்தம் கொடுத்தேன். பேருந்தில் கிளீனராக இருந்தேன். கடைசியாகப் பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு இரும்பு மில்லில் சுமை இறக்கினேன். அங்கே அறையில் ஆள் அதிகம், பாய் குறைவு. ஒரு ஷிப்டு எழுந்து போனதும் அடுத்த ஷிப்டு அதே பாயில் விழும். பாய் எப்போதும் சூடாகவே இருக்கும். மலையில் பிறந்தவனுக்கு அது ஒரு சௌகரியம்தான்.

அந்த மில்லில் பல வருடம் உலைப்பக்கம் ஃபோர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், பழைய ஷிப்டுக் கூட்டாளிகளைப் பார்க்க வாசல் டீக்கடைக்கு அடிக்கடி வருவார். ஊர் நல்லேப்பிள்ளி. ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஏப்பா, நீ எஸ்டேட்டுக்காரனாமா? கவாத்து வெட்டத் தெரியுமா?"

"மீசை வர்றதுக்கு முன்னாலயே வெட்டுனவண்ணே நான்."

"ஊட்டுல மரம் ஒண்ணு நிக்குது. அத வெட்டோணும். ஆனா சாகக்கூடாது."

"நான் வெட்டி இதுவரைக்கும் ஒரு தேயிலை செத்ததில்லண்ணே."

மரம் என்ன மரம் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கூட்டாளிகளைத் திரும்பிப் பார்த்து, "வர்ற தையில எல்லாரும் வாங்க, தட்டு நெறயப் பழம் வெக்கறேன்," என்றார். அவர்கள் டீயைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் அர்த்தம் அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

நல்லேப்பிள்ளிக்குப் போன பிறகு பிடிபட்டது. ஓய்வுபெற்று வந்த ஃபோர்மேன் வீட்டுத் தோட்டத்தில் எதைத் தொட்டாலும் அது விளங்கவில்லை. பப்பாளி அழுகியது. கோழிகளைக் கீரி கொண்டுபோனது. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் மனைவியின் அண்ணன் வீடு. அவருடைய கொய்யா மரம் மட்டும் யாரும் கவனிக்காமலே காய்த்துச் சுவர்மேல் சாய்ந்தது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஃபோர்மேன் கைப்பேசியில் ஆப்பிள் இலந்தை வீடியோவைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு பழமும் கைக்குள் அடங்காத அளவு என்று அதில் காட்டினார்கள். கன்று வாங்கி நட்டார். கூட்டாளிகளைத் தைக்குத் தை பழம் தின்னக் கூப்பிட்டார். மரம் மொட்டைமாடிக்கு மேலே வளர்ந்து, அணில் மட்டுமே ஏறக்கூடிய உச்சியில் நாலு பழம் விட்டு, அந்த நாலிலும் புழுவை வைத்தது. வந்த கூட்டாளிகளுக்கு ஒவ்வொரு தையிலும் மச்சான் சுவர் வழியாக முறத்தில் நீட்டிய கொய்யாவைத்தான் கொடுத்து அனுப்பினார். வாழ்நாளெல்லாம் உலைக்கு முன்னால் நின்ற மனிதர், அந்த முறத்தை வாங்கும்போதுதான் வேர்த்துப்போவாராம்.

இதை எனக்குச் சொன்னது அவர் மனைவி. நான் அக்கா என்று கூப்பிட்டேன். போன அன்றைக்கே வாசலில் நிற்கவைத்து வரவேற்பு கிடைத்தது.

"ஏனுங்க, இன்னொரு ஆளக் கூட்டியாந்துட்டீங்களா? போன தடவ வந்தவன் மருந்தடிக்கறேன்னு எம்பட கறிவேப்பிலையக் கருக்கிட்டுப் போனான்."

"இவன் எஸ்டேட்டுக்காரன், புள்ள. கவாத்துலயே பொறந்தவன்."

"எதுல பொறந்தாலுஞ் சரி. வர்ற தை வரைக்குந்தான். தையில தட்டுல பழம் இல்லீன்னா மரத்த வெட்டிப்போட்டு அங்க சிமெண்டுக் களம். வடகங் காயப்போட எடமில்லாம மொட்டமாடிக்கு ஏறி எறங்கி எம்பட முழங்காலே போச்சு. மார்கழிக் காத்துக்குத் துணியெல்லாம் பறந்து அந்த முள்ளுல போய் மாட்டுது. உங்க வேட்டியப் பாருங்க, சல்லட."

வேட்டி சல்லடைதான். ஃபோர்மேன் என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் மரத்தைக் காட்டி, குரலைத் தாழ்த்தி, "கேட்டயல்ல? தை வரைக்குந்தான்," என்றார்.

வெயில் ஏறிய பங்குனி. மரம் இலை கொட்டி முள்ளும் குச்சியுமாக நின்றது. ஃபோர்மேன் எனக்கு டீயும் பன்னும் வாங்கக் கடைக்குப் போனார். நான் கத்தியைத் தீட்டினேன்.

தேயிலைக் கவாத்து தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை செடியை முழங்கால் உயரத்துக்கு, மேலே கிண்ணம் வைத்தால் சாயாத மட்டத்துக்கு, ஒரேயடியாக வெட்டிவிடுவோம். இலை ஒன்றுகூட மிஞ்சாது. பார்க்கிறவனுக்கு எல்லாம் செத்துப்போன மாதிரி இருக்கும். வெட்டிய கிளைகளையே அதன்மேல் போட்டு மூடுவோம், வெட்டுப்பட்ட கட்டையை வெயில் சுடாமல் இருக்க. பிறகு துளிர் கிளம்பும். எழும்பும் துளிரை ஒரு மட்டத்தில் கிள்ளிக்கொண்டே வந்தால் செடி மேசைபோலப் படரும். எனக்குத் தெரிந்த கவாத்து அது ஒன்றுதான். மரத்தைப் பார்த்தேன், என் முழங்காலைப் பார்த்தேன், வெட்டினேன்.

ஃபோர்மேன் கையில் தூக்குச் சட்டியோடு வந்து நின்றார்.

"மரம் எங்கப்பா?"

"இதாண்ணே."

அவர் கட்டையைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார், மரம் இருந்த இடத்தை. மதிலுக்கு மேலே மச்சானின் தலை எழுந்தது.

"மாப்ள, களத்துக்கு எடம் சரி பண்ணிட்டீங்களாட்ட? தைக்கு இன்னும் நாள் கெடக்குதே!"

"கவாத்துங்க மச்சான்."

"ஆமாமா. அடுத்த கவாத்து வேரோட வருமாட்ட இருக்குது."

நான் யாரையும் கவனிக்காமல் முள்கிளைகளை எடுத்துக் கட்டையின்மேல் அடுக்கினேன். தேயிலைக் கிளைக்கு முள் கிடையாது. அந்த வித்தியாசம் இரண்டு கைக்கும் அன்று நன்றாகத் தெரிந்தது. ஆனால் ஒரு நன்மை, மச்சானின் ஆடு அந்தப் பக்கமே வரவில்லை.

அதற்குப் பிறகு ஃபோர்மேன் தினமும் விடிந்ததும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து முள்குவியலுக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொள்வார். ஆஸ்பத்திரியில் படுக்கைக்குப் பக்கத்தில் உட்காருகிற மாதிரி. நான் மோட்டார் அறையில் படுத்துக்கொண்டேன். தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டேன், தேங்காய் உரித்தேன், அக்கா சொன்னதையெல்லாம் செய்தேன். சாப்பாடு நன்றாக இருந்தது. கட்டைமட்டும் கட்டையாகவே இருந்தது.

ஒரு கோடைமழை பெய்தது. அடுத்த வாரம் ஃபோர்மேன் போட்ட சத்தத்தில் அக்கா பாம்பென்று நினைத்துக் கம்போடு ஓடிவந்தார். துளிர் வந்திருந்தது.

இரண்டு துளிர். ஒன்று மண்ணை ஒட்டி, அடித்தண்டிலிருந்து; செக்கச் சிவந்த நுனியோடு கொழுகொழுவென்று. இன்னொன்று மேலே, வெட்டிய வாய்க்குப் பக்கத்தில். வெளிறிப்போய், வட்ட இலை இரண்டை ஏந்திக்கொண்டு, காய்ச்சலில் எழுந்த ஆள்போல. இரண்டுக்கும் நடுவே தண்டில் ஒரு தழும்பு இருந்தது, முழங்கை முட்டி மாதிரி. வண்டு கடித்து ஆறிய இடம் என்று நினைத்தேன்.

"எத விடறது, எத எடுக்கறது?" என்றார் ஃபோர்மேன்.

"வலுவானத விடணும்ணே. நோஞ்சான எடுத்திரணும். இல்லாட்டி சத்த ரெண்டும் பங்கு போட்டுக்கிட்டு ரெண்டும் உருப்படாது. மலையில அப்படித்தான்."

இதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. தேயிலையில் வேரும் தேயிலை, தண்டும் தேயிலை. எங்கே வெட்டினாலும், எங்கிருந்து துளிர்த்தாலும் வருவது தேயிலைதான். ஒரே மரத்துக்குள் இரண்டு மரம் இருக்கும் என்று மலையில் எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஃபோர்மேனுக்கும் அது நியாயமாகப் பட்டது. "உலையிலயும் அப்பிடித்தான். எங்க சூடு நிக்குதோ அங்கதான் இரும்பு," என்றார். அடுப்படியிலிருந்து கத்திரியை எடுத்துவந்து, திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டுகிற மாதிரி, அந்த நோஞ்சான் துளிரை அவர் கையாலேயே வெட்டினார்.

அரிசி கழுவிய தண்ணீரைக் கொட்ட வந்த அக்கா இதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, மிஞ்சிய துளிரின் ஒரு இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். கையிலிருந்த தண்ணீரை அதன் அடியில் ஊற்றிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து களத்தைப் பற்றிய பேச்சு நின்றது. மீன் கழுவிய தண்ணீர், அடுப்புச் சாம்பல், ஆட்டுப்புழுக்கை எல்லாம் அந்தச் செடிக்குப் போயிற்று. நான் மட்டம் பார்த்துத் துளிர் கிள்ளும்போது அக்கா பின்னால் வந்து நிற்பார்.

"தம்பி, ரொம்பக் கிள்ளாத. பூக்கோணுமல்ல?"

ஃபோர்மேன் என் காதில், "பாத்தியா, மனசு எளகிருச்சு," என்றார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் அதுவரை பார்த்ததில்லை.

ஆடி வரை கிள்ளினேன். இலந்தை இடுப்பு உயரத்தில், தட்டையாக, அகலமாக, அசல் தேயிலைச் செடிபோலப் படர்ந்தது. மச்சானுக்குப் பொழுது நன்றாகப் போயிற்று.

"மாப்ள, கொழுந்து எப்ப எடுக்கறீங்க? எனக்கு ஸ்ட்ராங்கா ஒரு டீ."

இந்தக் கேலியை ஃபோர்மேன் ராத்திரியெல்லாம் யோசித்திருக்க வேண்டும். மறுநாள் ஒரு கைப்பிடி இலையைப் பறித்துக் கொதிக்கவைத்துச் சர்க்கரை போட்டு எனக்கு ஒரு டம்ளர் கொடுத்து, தானும் குடித்தார்.

"எப்பிடியிருக்குது?"

"சூடா இருக்குண்ணே."

"ஆமா. சூடா இருக்குது," என்று மீதியைச் செடிக்கே ஊற்றினார்.

புரட்டாசியில் பூத்தது. மஞ்சளும் பச்சையுமாகக் கடுகளவு பூ. வாசனை நன்றாக இல்லை. ஈக்களுக்கு மட்டும் பிடித்திருந்தது. ஃபோர்மேன் ஈக்களை விரட்டக்கூடாது என்று வீட்டில் உத்தரவு போட்டார். கார்த்திகையில் இலைக்கு அடியிலெல்லாம் பிஞ்சு. அவர் உள்ளே போய்த் தகரப்பெட்டியிலிருந்து வெர்னியரை எடுத்துவந்தார். மில்லில் இரும்புக் கம்பியின் பருமன் பார்க்கிற கருவி. எண்ணெய் போட்டுத் துடைத்து, ஒரு பிஞ்சைத் தேர்ந்தெடுத்து நூல் கட்டி, தினமும் காலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு அளப்பார். அளவை என்னிடம் மட்டும் ரகசியமாகச் சொல்வார். சில நாள் கூடியது. பிறகு நின்றது.

"நேத்து இருந்ததேதான்," என்றார்.

"குளுருண்ணே. வெயில் வந்தா ஊதும்."

வெயில் வந்தது, காற்றும் வந்தது. பாலக்காட்டு மார்கழிக் காற்று தெரியுமே, நிற்கிறவனைத் தள்ளிவிட்டு மன்னிப்புக்கூடக் கேட்காது. காய்கள் ஊதவில்லை. சிவந்தன.

"பெருசாகாம எதுக்குடா செவக்குது?"

அவர் என்னை 'டா' போட்டது அன்றுதான் முதல்முறை.

"தெரியலண்ணே. தேயிலையில பழம் பழுத்து நான் பாத்ததில்ல."

சுவருக்கு மேலே தலை வந்தது. "மாப்ள, ஆப்பிளு நல்லா மொளகு சைசுக்கு எறங்கிருச்சாட்ட! நிறுக்கத் தராசு வேணும்னா நகக்கடையிலதான் கேக்கோணும்."

ஃபோர்மேன் வெர்னியரைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். அன்று சாயங்காலம் கூட்டாளிகளுக்குப் போன் செய்து, தைப் பழத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம், ஜலதோஷம் என்று சொல்ல ஆரம்பித்தார். அக்கா அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

"ஜலதோசமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எல்லாரும் வாங்க. மத்தியானச் சோறு இங்கதான்."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு பழைய சேலையை என்னிடம் நீட்டினார். செடிக்கு அடியில் விரித்தோம். நான் கம்பால் தட்டினேன். சிவப்பு ஆலங்கட்டி மாதிரி கொட்டியது. எல்லாம் உரலுக்குப் போயிற்று. காய்ந்த மிளகாய், வெல்லம், உப்பு, பெருங்காயம். கொட்டை நொறுங்க நொறுங்க அக்கா இடித்தார். முழங்கால் வலி என்று ஒரு சொல் வரவில்லை. தட்டிய வடைகளை எங்கே காயவைப்பது என்று நான் கேட்டேன். அக்கா ஒரு கொசுவலையைக் கொண்டுவந்து அந்தத் தட்டையான இலந்தையின் தலைமேலேயே விரித்தார். இடுப்பு உயரம், நல்ல வெயில், கீழே முள், ஆடும் வராது கோழியும் வராது. இலந்தை தன் பழத்தைத் தன் தலையிலேயே காயவைத்துக்கொண்டு நின்றது.

"நம்ம மானத்தக் காப்பாத்தறதுக்காகக் கெடந்து இடிக்கறா," என்று ஃபோர்மேன் கண் கலங்கினார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகள் வந்தார்கள். சோறு முடிந்ததும் ஃபோர்மேன் எழுந்து நின்றார். ஓய்வுபெற்ற அன்றுகூட அவர் அப்படிப் பேசியிருக்க மாட்டார். "பழத்தப் பத்தி ஒரு விசயம்... இந்த வருசம் என்ன ஆச்சுன்னா..."

அதற்குள் அக்கா தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். உலையில் அவருக்குக் கீழே வேலை பார்த்த ஒருவர் ஒரு வடையைக் கடித்தார். கண்ணை மூடினார். காது இரண்டும் அசைந்தன.

"பழத்த யாருங்க கேட்டா? அந்தத் தட்ட இப்பிடித் தள்ளுங்க."

பிறகு கொட்டைத்தூள் பல்லில் நறநறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. காரமும் புளிப்பும் ஏறி எல்லாருக்கும் மூக்கில் தண்ணீர். பள்ளிக்கூட வாசலில் வாங்கித் தின்ற வயதுக்கு எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். தட்டின் கடைசி வடைக்கு ஒரு சின்னச் சண்டைகூட நடந்தது. மச்சானும் சுவரைச் சுற்றி வாசல் வழியாக வந்து சேர்ந்துகொண்டார். அன்று முறம் கொண்டுவரவில்லை.

"அண்ணி, இந்த எலந்த எங்க கெடச்சுது? இப்பெல்லாம் காட்டுலகூட இல்லீங்களே," என்றார் ஒருவர்.

"நம்ம மரந்தானுங்க. காட்டு எலந்த."

ஃபோர்மேன் திரும்பினார். "காட்டு எலந்தயா? ஆப்பிளுன்னல்ல வாங்குனேன்?"

"வாங்குனது ஆப்பிளுதானுங்க. காட்டு எலந்த வேருல ஆப்பிள ஒட்டுப் போட்டுத்தான விக்கறாங்க. அந்தத் தழும்புக்கு மேல வந்தது உங்க ஆப்பிளு. அத நீங்களே எம்பட கத்திரிய எடுத்து வெட்டிப்போட்டீங்க. கீழ வந்தது காடு. எலையத் திருப்பிப் பாத்தன்னிக்கே தெரியும். நான் ஆடு மேய்ச்சுட்டு இதத் தின்னு வளந்தவளல்ல?"

"தெரிஞ்சும் சொல்லல?"

"சொல்லியிருந்தா இதையும் வெட்டுவீங்க. அந்த ஆப்பிளு ஒரு பழமுங்களா? தண்ணியத் தோலுல கட்டி வெச்சாப்பல. இத்தன நாளா மரத்த வெட்டோணும்னது அதுக்குத்தான்."

மச்சான் சிரித்த சிரிப்பில் வடை புரையேறியது. நான்தான் முதுகில் தட்டினேன். கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.

கூட்டாளிகள் போனதும் ஃபோர்மேன் தோட்டத்துக்கு வந்தார். போன வருடம் மரத்தை வெட்டு என்று அக்கா சொன்னார், கூடாது என்று அவர் சொன்னார். இந்த வருடம் அது தலைகீழாகியிருந்தது.

"தம்பி, கத்திய எடு. இத வேரோட எடுத்துப்போட்டுப் புதுசு வெக்கலாம்."

"தம்பி, கத்தியக் கீழ வையி. எலந்தமேல கை வெச்சா இந்த ஊட்டுல அடுப்பு எரியாது."

எனக்குச் சோறு போடுவது யார் என்று ஒரு கணம் யோசித்தேன். கத்தியைத் துணியில் சுற்றினேன். திரும்பும்போதுதான் அந்த முள் குத்தியது.

மறுநாள் காலை ஃபோர்மேன் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து, மரத்துக்கு முதுகைக் காட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

"உம்மேல கோவமில்லீப்பா. நீ தெரியாமத்தான் சொன்ன. அவள அனுப்ப முடியாது. அதுனால உன்னைத்தான் அனுப்போணும். உன்னப் பாக்கறப்பெல்லாம் அந்தக் கத்திரிதான் ஞாபகம் வருது." எனக்குச் சேரவேண்டியதைக் குறையில்லாமல் கொடுத்தார். மரத்தில் கட்டியிருந்த அந்த வெளுத்த அட்டையையும் அவிழ்த்து என் கையில் வைத்தார். "இதையும் நீயே வெச்சுக்க. இங்க இதுக்கு வேலையில்ல."

அக்கா வடைப் பொட்டலத்தோடு வாசலுக்கு வந்தார். "எங்க போவ?"

"கால் போற பக்கம்க்கா."

"அந்தக் காலுல முள்ளு வேற இருக்குது. எடுத்துட்டுப் போ."

"போற வழியில எடுத்துக்கறேன்."

இப்படித்தான் வாய்க்கால் கரைக்கு வந்தேன். வைக்கோல் ஏற்றிய ஒரு லாரி சாலைக்கு வந்ததும் ஏற்றிக்கொண்டது. நர்சரியில் இறங்கியபோது சாயங்காலம். பச்சை வலைப் பந்தலுக்குக் கீழே ஒரு ராவுத்தர், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு செடிகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"என்ன வேணும் தம்பி? கட அடைக்கிற நேரமாச்சே."

"வேலை வேணும் பாய்."

"என்ன தெரியும்?"

"கவாத்து."

"தேயிலையா? கஞ்சிக்கோட்டு வெயில்ல தேயில வச்சா அது நேரா தூளாத்தான் வரும்."

பந்தலுக்கு அடியில் கறுப்புப் பைகளில் வரிசை வரிசையாகக் கன்றுகள். குனிந்து ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தேன். "இது காட்டு இலந்தை."

அவர் குழாயை மூடினார். "அட. இதுக்கு மேலதான் ஆப்பிள ஒட்டுவோம். வாங்கிட்டுப் போறவன் எல்லாம் கீழ வர்ற காட்ட வளத்துட்டு, ஆப்பிள் எங்கன்னு என்கிட்டச் சண்டைக்கு வருவான். உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு வருசம் வளத்திருக்கேன்."

"எதுக்கு?"

"ஆப்பிளுக்குன்னுதான்."

அவர் சிரித்து முடிக்க நேரமாயிற்று. நான் வடையை நீட்டினேன். தின்றுவிட்டு இன்னொன்றுக்குக் கை நீட்டினார். "பந்தலுக்குள்ள படுத்துக்க. காலைல பாப்போம்."

காலையில் நான் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அவர் போன் அடித்தது. கையெல்லாம் மண் என்பதால் முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"நல்லேப்பிள்ளியில இருந்து பேசறனுங்க. ஆப்பிள் எலந்த ஒண்ணு வேணுமுங்க. நல்ல ஒட்டாப் பாத்துக் குடுங்க. வண்டியில செடி மட்டும் அனுப்புங்க, கவாத்து வெட்டறேன்னு ஆளு யாரையும் அனுப்பிப்போடாதீங்க."

பின்னாலிருந்து இன்னொரு குரல். "ஏனுங்க, கூடவே ஒட்டுப் போடாத கன்னு ஒண்ணு கேளுங்க. ஒரு மரத்துக்கு வட பத்தல."

"எங்க புள்ள வெக்கறது?"

"பப்பாளி அழுகுன எடம் சும்மாதான கெடக்குது? அக்கட்டால உங்க ஆப்பிளு, இக்கட்டால எம்பட காடு."

"சரி, சரி. ரெண்டும் குடுங்க பாய். ரெண்டுலயும் எது எதுன்னு நல்லா எழுதி அனுப்புங்க."

ராவுத்தர் என்னைப் பார்த்தார். நான் கன்றுகளைப் பார்த்தேன். போன் அடங்கியதும், "அந்த வீடா?" என்றார்.

"ஆமா பாய்."

"அப்ப நீயே பொறுக்கு."

தண்டு நேராக, ஒட்டுத் தழும்பு நன்றாக ஆறிய கன்று ஒன்றை எடுத்தேன். தழும்புக்குக் கீழே இரண்டு காட்டுத் துளிர் கிளம்பியிருந்தன. கிள்ளினேன். கத்தியைச் சுற்றியிருந்த சிவப்புத் துணியில் ஒரு நாடா கிழித்துத் தழும்பின்மேல் கட்டினேன். கத்திரியோடு யார் வந்தாலும் கண்ணில் படட்டும். ஒட்டுப் போடாத கன்றுக்கு எதுவும் கட்டவில்லை. அதை அக்கா பார்த்துக்கொள்வார்.

இரண்டையும் வண்டியில் ஏற்றியதும் ராவுத்தர் வரிசைகளைக் காட்டினார். ஒட்டுக்குக் கீழே வருகிற துளிரையெல்லாம் கிள்ளவேண்டும், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. முடித்தால் மறுபடி இந்தக் கோடியில் முளைத்திருக்கும். இருக்கிற வரை அதுதான் வேலை என்றார். ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். முதலில் குதிகால் முள்ளை எடுத்தேன். பிறகு முதல் பையை இழுத்து, அதில் இருந்ததிலேயே கொழுத்த, சிவந்த, வலுவான துளிராகப் பார்த்துக் கிள்ளினேன்.